பைப்படியில் சொன்ன கனவுகள்

முறைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் பைப்பிலிருந்து ஒரு காற்று வரும், கவனித்திருக்கிறீர்களா? புஸ்ஸென்று சீறிவிட்டு நின்றுவிடும். அதற்கென்று ஒரு வாடை உண்டு. துருவும் ஈர மண்ணும் கலந்த வாடை. பாலக்காட்டுப் பக்கம் இந்த நல்லேப்பிள்ளியில் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறார்கள். இன்று காலை எங்கள் முறை. பைப்பைத் திறந்துவிட்டு, அடியில் குடத்தை வைத்துவிட்டு, கையில் போனோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். காற்று வந்தது. அந்த வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எத்தனை வருஷமானாலும் ஈர மண் வாடை எனக்கு ஆகாது. முதல் மழைக்கு எல்லோரும் மூச்சை இழுத்து ஆஹா என்பார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

போனில் மூணாறிலிருந்து பேச்சியக்காவின் குரல் செய்தி ஒன்று விடிவதற்குள்ளாகவே வந்து உட்கார்ந்திருந்தது. நான் கேட்கவில்லை. தண்ணீர் வந்தபிறகுதான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. சும்மா கேட்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்து, தண்ணீரைத்தான் கேட்க வைக்க வேண்டும். நான் கேட்பதெல்லாம் அதற்கு இடைஞ்சலாக நடுவில் நிற்பதால் கேட்பது. தொட்டித் தண்ணீர் கணக்கில் சேராது. அதனால் முறை இல்லாத நாட்களில் செய்திகள் சேர்ந்துபோய்க் கிடக்கும்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். பெண்டாட்டி விடிந்ததும் விடியாததுமாக எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போனை நீட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று விசாரித்திருக்கிறார். அம்மா கொஞ்சமும் அசராமல் சொன்னாளாம்: “அவிங்கப்பா மாட்டுக் காதுல சொல்லுவாருங்க, மாப்ள.”

உண்மைதான். அப்பா மாட்டுத் தரகர். வாரம் தவறாமல் வேலந்தாவளம் சந்தைக்குப் போவார். கெட்ட கனா கண்டால் அன்று காலையில் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். நேராகக் கட்டுத்தறிக்குப் போய், கிடைத்த மாட்டின் காதைப் பிடித்து அதில் முணுமுணுத்துவிட்டு, பிறகுதான் காப்பி கேட்பார். கனாவை மனுசங்ககிட்டச் சொன்னால் பலித்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. மாடு வாயில்லா ஜீவன், அதோடு போய்விடும். எங்கள் வீட்டு மாடுகள் எல்லாம் எப்போதும் ஒரு மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதுதான் என்று அம்மா சொல்வாள். அடுத்த வாரம் அதே மாட்டை அப்பா சந்தைக்கு ஓட்டிப் போவார். பொள்ளாச்சிப் பக்கமும் கிணத்துக்கடவுப் பக்கமும் எத்தனை பேர் என் அப்பாவின் கெட்ட கனாக்களைக் கை மேல் துண்டு போட்டு விலை பேசி வாங்கிப்போனார்களோ, பாவம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன எனக்கே பேச்சியக்கா வீட்டுப் பைப்படி புதிதாகத்தான் இருந்தது.

படிப்பு முடித்த கையோடு மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பறை வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை. மிச்ச நேரத்தில் சுடுதண்ணீர் வரவில்லை என்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பது. தங்க இடம் கொடுக்கவில்லை. ரிசார்ட்டில் ஜீப் ஓட்டிய முருகன்தான், எங்க அம்மா லயத்துல தனியா இருக்கா, நான் இங்கயே படுத்துக்கிறேன், நீங்க அங்க தங்குங்க என்றான். லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகள். ஒரே தகரக் கூரை, இடையில் சுவர் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீடுகள். முருகனின் அம்மாதான் பேச்சியம்மா. கொழுந்து பறிக்கிறவள். அப்போதே அறுபதை நெருங்கியிருந்தாள். எஸ்டேட் சூப்பர்வைசர் கேட்டபோது என்னைத் தன் அண்ணன் மகள் என்று கூசாமல் சொன்னாள். நான் வாயைத் திறந்து “ஆமாங்க” என்றதும் அவர் சிரித்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து போன குடும்பத்தில் கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிற அண்ணன் மகள் எப்படி வந்தாள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

லயத்துக்குப் பின்னால் உடனே மலை ஏறியது. மேலே எங்கோ ஓர் ஊற்று. அங்கிருந்து கறுப்பு ஹோஸ் போட்டுக் கீழே கொண்டுவந்து, முற்றத்து மூலையில் ஒரு இரும்புப் பைப்பில் செருகியிருந்தார்கள். அதுதான் பைப்படி. அதை மூடுவதற்குத் திருகு கிடையாது. ராத்திரியும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் வரவில்லை.

முதல் நாள் காலையில் நான் செய்த காரியம் லயத்தில் வெகுநாள் பேச்சாக இருந்தது. பல் துலக்கப் போனேன். பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்லாக நின்றார்கள். ஒவ்வொருத்தியாகப் பைப்புக்குக் குனிந்து உதட்டை அசைத்து, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் குடத்தை வைத்தார்கள். எனக்கு என்ன தெரியும்? மரியாதையாக இருக்கட்டுமே என்று முன்னால் நின்றவளைப் பார்த்து, “சாப்பிட்டாச்சுங்களா அக்கா?” என்று கேட்டேன். விடிகாலையில்! அவளும் தூக்கக் கலக்கத்தில் “இல்ல” என்றுவிட்டாள். சொன்ன மறுகணம் அவள் முகம் வெளிறிப்போனது. வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

கனா சொல்லுமுன் மனிதரோடு பேசிவிட்டால் அந்தக் கனா அன்றைக்குப் பைப்புக்கு ஆகாது. நாள் முழுக்கச் சுமக்க வேண்டியதுதான். கடைசி வீட்டு மாரித்தாயி அன்றைக்கு என்ன கனாவைச் சுமந்தாளோ, ஒரு வாரம் என் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சியக்காதான் அடுப்படியில் உட்கார வைத்து விளக்கினாள். நல்ல கனாவை உச்சிவேளை வரை யாருக்கும் சொல்லக் கூடாது. கெட்ட கனாவை விடிந்ததும் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். அது ஆற்றுக்குப் போய், கடலுக்குப் போய்விடும். மனிதரிடம் மட்டும் என்றைக்கும் சொல்லக் கூடாது. “சொன்னா கேட்டவ வீட்லயும் முட்டை போட்ரும் ஏட்டி,” என்றாள். அந்த லயத்தில் தலைமுறை தலைமுறையாக ஒருத்தி கனா இன்னொருத்திக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது தெரியும், யார் மகன் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பது தெரியும், கனா மட்டும் தெரியாது.

நான் படித்தவள் அல்லவா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் நான் செய்துகொண்டிருந்தது அதைவிடக் கிறுக்குத்தனம். ரிசார்ட்டுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார். அவர் அறையைச் சுத்தம் செய்கிறவர்கள் தினமும் புகார் சொல்வார்கள், விரிப்பெல்லாம் பேனா மை என்று. கேட்டால், விழித்ததும் படுக்கையிலேயே கனவை எழுதிவிடுவாராம். எனக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கக் கூடாது. புரண்டு படுக்கக் கூடாது. எந்தப் பக்கம் படுத்திருக்கிறோமோ அப்படியே கிடந்து, கடைசியாகப் பார்த்த துண்டை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றது பின்னாலேயே வரும். ஓடுகிற கன்றின் வாலைப் பிடிக்கிற மாதிரி. எனக்கு எழுதச் சோம்பல். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே அதில் பேசிப் பதிவு செய்வேன். என்றைக்காவது ஒரு சினிமாவுக்குக் கதை கொடுக்கலாம் என்று நினைப்பு வேறு.

கேட்டுப் பார்த்தால் ஒன்றும் சினிமாவாக இருக்காது. நாக்கு தடித்த குரலில் ஒருத்தி உளறிக்கொண்டிருப்பாள். வேலந்தாவளம் சந்தையில் எங்கள் மேனேஜருக்கு மூக்கணாங்கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விலை படியவில்லை. இந்த மாதிரி. பேச்சியக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. போகிறதைப் போக விடாமல் பிடித்து வைக்கிறாயே, அது உள்ளே கிடந்து என்ன செய்யும் என்று கேட்பாள். தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்தது அந்த வீட்டில். முருகனைப் பெற்றதும் அங்கேதான். புருஷன் செத்ததும் அங்கேதான். ஆனால் வீடு அவளுடையது இல்லை. சர்வீஸ் முடிந்தால் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. முருகன் வாடகைக்கு ஏதாவது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதுவரை அந்த வீட்டில் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை முழுக்க. ஆள் இல்லாத வீடு என்று தெரிந்தால் எஸ்டேட்டார் பூட்டிவிடுவார்கள். அதனால் அவள் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டாள். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

கர்க்கடக மழை, அதாவது நம் ஆடி மாத மழை, பிடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மழை என்றால் வந்தோம் போனோம் என்றிருக்கும். அங்கே மழைக்குப் போக்கிடம் கிடையாது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். துணி காயாது, விறகு எரியாது, செருப்புக்குள் அட்டை சுருண்டு கிடக்கும். தேயிலைச் செடிகள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு பனிக்குள் நிற்கும். சுவரைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும்.

அந்த மழைக்குள்தான் எனக்கு அந்தக் கனா வர ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் யாரோ அம்மிக்கல்லை இழுக்கிறார்கள். ஆள் தெரியாது. கல் தரையில் உரசுகிற சத்தம் மட்டும். கொஞ்சம் இழுப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடியும் இழுப்பார்கள். கூடவே புது மண் வாடை. நான் எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பேன், கதவு நிலையோடு இறுகியிருக்கும். அவ்வளவுதான் கனா. மறுநாளும் அதே. அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் கண்ணைத் திறக்காமல் போனில் சொல்லி வைத்தேன். நாலைந்து நாளில் எனக்கே அலுத்துவிட்டது. சினிமாவில் ஒரே காட்சியை எத்தனை முறை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் வேலை இல்லை. பேச்சியக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் பாலில்லாத கட்டன் டீ குடித்துக்கொண்டே போனில் வேறெதையோ தேடினேன். விரல் தவறிப் பட்டு, என் தூக்கக் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது. “கட்டலுக்கு அடியில யாரோ அம்மிய இழுக்கறாங்க… மண் வாடை அடிக்குது… கதவு வரமாட்டீங்குது…” அசட்டுச் சிரிப்போடு நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் பேச்சியக்காவின் கையில் ஊதுகுழல் அப்படியே நிற்கிறது. அடுப்பு அணைந்து புகைந்துகொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த எழவ அழிச்சிரு,” என்றாள். ஏன் அக்கா, உங்களுக்கும் அது வருகிறதா என்று கேட்டேன். கனாவை வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோழியைத் தேடுகிற சாக்கில் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். கோழிகளும் அன்று சாயங்காலம் கூண்டுக்குள் போக மறுத்துக் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டன.

திங்கட்கிழமை விடியும்போது என்னை எழுப்பியது அமைதி. என்னவோ குறைகிறது என்று தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பைப்பு நின்றுபோயிருந்தது. கொட்டுகிற மழையில் அத்தனை நாளும் நிற்காத பைப்பின் வாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். குடங்களைக் கீழே வைக்கவில்லை. ஒருத்தரும் பேசவில்லை, பேசவும் முடியாது. எல்லோர் வாயிலும் கனா இருக்கிறது. சொல்வதற்குத் தண்ணீர் இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது எனக்கு ஏற்பட்ட பயத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது. அந்த உதடுகளுக்குப் பின்னால் எல்லாம் ஒரே கனாதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வெளியூர்க்காரி நான், வாயைத் திறந்து என்ன கேட்பது? பக்கத்தில் நின்ற பேச்சியக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. அந்த வீட்டில் இல்லாவிட்டால் வீடு இல்லை. பிறகு அவள் பைப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“எனக்குக் கட்டிலுக்கு அடியில அம்மி இழுக்குத மாதிரி வருது. பத்து நாளா வருது,” என்றாள்.

நான் முதல் நாள் வம்புக்கு இழுத்த மாரித்தாயிதான் குடத்தைக் கீழே வைத்தாள். “எனக்கும்,” என்றாள். அவளுக்கு அடுத்தவள் அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு அம்மி இல்லை, யாரோ கட்டிலை நகர்த்துகிறார்கள். இன்னொருத்திக்குச் செத்துப்போன மாமனார் தரைக்கு அடியிலிருந்து தட்டுகிறார். எல்லோருக்கும் மண் வாடை. எல்லோருக்கும் கதவு திறக்கவில்லை. இத்தனை நாளும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஒரே கனாவைக் கண்டு, காலையில் எழுந்து அதைத் தனித்தனியாகத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் வீடுகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கொல்லைப்புறம் மேட்டில் நின்ற சவுக்கு மரங்கள் லயத்தின் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. எப்போது சாய்ந்தன என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சூப்பர்வைசரிடம் போனோம். மோசமான மனுஷர் இல்லை. ஹோஸில் இலை அடைத்திருக்கும், மழை விட்டதும் ஆளை அனுப்புகிறேன் என்றார். கனாவைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனாவுக்கெல்லாம் லயத்தைக் காலி பண்ணினால் மேலே என்ன சொல்வேன் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. போகிறவர்கள் போகலாம், சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். அவர் முறையைச் சொன்னார். ஆனால் எல்லோரும் பேச்சியக்காவைத்தான் பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சாவி திரும்பக் கிடைக்கும். சர்வீஸ் முடியப்போகிற அவளுக்குக் கிடைக்காது.

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். சேலையில் ஒரு முறை துடைத்தாள். மேஜை மேல் வைத்தாள். “கதவு கொஞ்சம் இறுகும். தூக்கித் தெறக்கணும்,” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

அன்று இருட்டுவதற்குள் எல்லோரும் எதிர்மேட்டில் இருந்த கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்குப் போய்விட்டோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். யாருக்கும் கனா வரவில்லை. தூங்கினால்தானே.

காலையில் பார்த்தால் பேச்சியக்காவைக் காணோம். கோழிக்குப் போயிருக்கிறாள் என்று மாரித்தாயி சொன்னாள். நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. அவள் முற்றத்தில் நின்றாள், கக்கத்துக்கு ஒரு கோழியாக இடுக்கிக்கொண்டு. பைப்பு மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை, செக்கச்செவேல் என்று சேறு. கூழ் ஊற்றுகிற மாதிரி தொப்புத்தொப்பென்று விழுந்தது. அவள் அதன் முன்னால் போய், பழக்கதோஷத்தில், மெல்லக் குனிந்தாள். உதடு அசைந்தது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் பெரியவர்கள் யாரையும் அவ்வளவு முரட்டுத்தனமாக நான் தொட்டதில்லை. தேயிலைக்குள் நடைபாதையைப் பிடித்து ஓடினோம். எதிர்மேட்டில் கால் வைத்தபிறகு அது கேட்டது. மலை இறங்கிய சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கனாவில் கேட்ட அதே சத்தம்தான், அம்மி மட்டும் பெரிது. திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் மலை இருந்தது. கோழிகள் இரண்டும் சத்தமே போடவில்லை.

எங்கள் லயத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் ஸ்கூலுக்கு வந்தார். பேச்சியக்காவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார். அவள் அதை வாங்கவில்லை. கட்டன் குடிக்கிறீகளா என்று கேட்டாள்.

நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ஒருநாள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உளறுகிற என் குரல். கட்டலுக்கு அடியில யாரோ அம்மிய இழுக்கறாங்க. நான் வார்த்தை தேடி நிறுத்துகிற இடத்தில், குரலுக்குப் பின்னால், அது கேட்டது. கொஞ்சம் இழுத்தது, நின்றது, மறுபடியும் இழுத்தது. விழித்தபிறகுதானே நான் போனை எடுத்தேன்? மறுபடியும் போட்டுக் கேட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். அந்த போனும் செத்துவிட்டது, பதிவுகளும் போய்விட்டன. அப்பாவும் இல்லை, மாடுகளும் இல்லை.

பேச்சியக்கா இப்போது முருகனோடு இருக்கிறாள். டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஒரு தடவை போனேன். வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டிய மண் சுவர், கூரை உயரத்துக்கு நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் மண்தான். நான் ஜன்னலைச் சாத்தினேன். இந்த வாடகைக்கு இதுதான் கிடைக்கும் என்றான் முருகன், தலையைக் குனிந்துகொண்டு. அங்கே பைப்பு கிடையாது. தண்ணீர் வண்டியில் வருகிறது, டிரம்மில் நிற்கிறது. நிற்கிற தண்ணீரிடம் சொன்னால் அது எங்கே போகும்? அதனால்தான் இந்த ஏற்பாடு. அவள் விழித்ததும் போனில் சொல்லி எனக்கு அனுப்புவாள். நான் எங்கள் பைப்பில் விடுவேன். ஒருகாலத்தில் அந்த போனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்!

பெரும்பாலும் சின்னச் சின்னக் கனாக்கள். பல் விழுந்தது, பாம்பு வந்தது, புருஷன் வந்து சாப்பாடு கேட்டான். நானும் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்புவேன். அங்கே அடைமழை, இங்கே தண்ணீருக்கு முறை. ஒரே மாநிலம்தான்.

இன்று காலை அந்தக் காற்றுக்குப் பிறகு வெகுநேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. போனை நீட்டிப் பிடித்துச் செய்தியைத் தட்டினேன்.

“ஏட்டி, இன்னைக்குச் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாளாவே ஒண்ணும் இல்ல. ஒனக்கு அனுப்பணுமேன்னு பழைய கனாவத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். படுத்தா கல்லு மாதிரி தூக்கம். ‘நல்லதுதானம்மா’ங்கான் முருகன். எனக்கு அப்படித் தோணல. அன்னைக்குப் பைப்பு நின்னுச்சுல்லா, அது மாதிரி இருக்கு.”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் பைப்பை மூடினேன். ஈரக் கையோடு அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள். தண்ணீருக்குச் சொல்ல வேண்டியது, உச்சிவேளை வரை காக்க வேண்டியது, எந்த முறையும் எனக்கு நினைவில் இல்லை.

“அக்கா, கோழிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. முருகனையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க, எங்க ஊட்டுக்கு. இங்க மலையே இல்லீங்க,” என்றேன்.

அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. போனில் அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மழைக்குப் பின்னால் வேறு ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று கேட்டபடி நின்றேன்.